விழாவுக்கு ஓனர் வருகிறார்

அக்கா அழைப்பிதழைக் கையில் கொடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது என் முகம்தான். நான்கு பேருடைய புகைப்படங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. இரண்டாவது நான். கல்யாணமான புதிதில் பல்லாவரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம். சில வாரங்களுக்கு முன்னால் அக்கா கேட்டபோது எதற்கென்று விசாரிக்காமல் கொடுத்திருந்தேன். படத்துக்குக் கீழே என் புனைபெயர். அதற்கும் கீழே, 'இந்த ஆண்டின் சிறந்த தொடர்கதை'.

"படம் நல்லா விழுந்திருக்கில்ல?" என்றார் அக்கா.

"இது யார் யாருக்குப் போயிருக்கு அக்கா?"

"எல்லாருக்கும் போயாச்சு. பத்திரிகை ஆபீஸ், ரேடியோ ஸ்டேஷன், லைப்ரரி. தாம்பரம் ஸ்டேஷன் புத்தகக் கடையிலகூட ஒண்ணு ஒட்டச் சொல்லியிருக்கேன். ஏன், என்ன ஆச்சு?"

ஸ்டேஷன் புத்தகக் கடை என்றதும் நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குடியிருப்பிலிருந்து வேலைக்குப் போகிற எல்லாரும் தாம்பரத்தில் ரயில் மாறும்போது தினமும் கடந்து போகிற கடை அது.

எழுதுகிற எங்கள் எல்லாருக்கும் அக்காவான அவர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில், எழுத்தாளர்களுக்கு ஏஜென்சி நடத்தி வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது. 'கதை ஏஜென்சி' என்று சொன்னால் சிரிப்பார்கள். அக்கா முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர். வேலையை விட்ட பிறகு எங்களைப் போன்றவர்களின் கைப்பிரதிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போவார். எந்தப் பத்திரிகைக்கு எது பொருந்தும், எந்த மாத நாவல்காரருக்கு அவசரமாகக் கதை வேண்டும், ரேடியோ நாடகம் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, தன்னிடம் கதை கொடுக்கும் எழுத்தாளர்களையெல்லாம் கூட்டி விழா எடுப்பார். அந்த வருடம் யார் என்ன சாதித்தார்கள் என்று மேடையில் வாசிப்பார். பொன்னாடை, போளி, வடை, சாப்பாடு. எங்களில் பலருக்கு வீட்டில்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அந்த வருடம் நான் எழுதிய தொடர்கதைதான் என் பயத்துக்குக் காரணம்.

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் வீடு. எண்பதுகளின் கடைசியில் மனை வாங்கி, அலுவலகக் கடனில் கட்டியது. ஏதோ ஒரு அம்மன் பெயரோடு 'நகர்' என்று பலகை வைத்திருந்தார்கள். கோடையில் போய்ப் பார்த்தபோது வெடித்த கரம்பு நிலமாக இருந்தது. ஓரத்தில் பனைமரங்கள், கொஞ்சம் தள்ளி ஒரு மேடு. அந்த மேடு ஏரிக்கரை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்தது கரைக்கு எந்தப் பக்கம் என்பது முதல் மழைக்காலத்தில்தான் தெரிந்தது. சமையலறையில் முழங்கால் வரை தண்ணீர். அடுப்பு மேடையில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு, தண்ணீரில் நெளிந்து போன பாம்பு அறைக்குள் போனதா வெளியே போனதா என்று தெரியாமல், ஒரு பகல் முழுக்க நின்றுகொண்டிருந்தேன்.

மனைகளை விற்றவரை நகரில் எல்லாரும் 'ஓனர்' என்றுதான் சொல்வார்கள். பழைய கிராமத்துக்காரர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைந்ததாம். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, புல்லட். மனைக்கு முன்பணம் கொடுத்த அன்று அந்த இடத்திலேயே ஒரு தேங்காயை உடைத்து, தண்ணீர் சிந்தாமல் மூடியை வீட்டுப் பெண்மணியிடம் நீட்டுவார். "உங்க மண்ணுல முதல் தண்ணி நீங்கதான் குடிக்கணும்" என்பார். நானும் குடித்திருக்கிறேன்.

தொடர்கதையில் ஊரை மாற்றினேன். கேளம்பாக்கம் பக்கம் எங்கோ நடப்பதாக எழுதினேன். புல்லட்டைக் காராக்கினேன். ஏரியில் மனை போட்டு விற்கும் மனிதருக்கு மீசை வைத்தேன். ஆனால் அந்தத் தேங்காயை மட்டும் விட மனசு வரவில்லை. கடைசி அத்தியாயத்தில், மழையில் கரை உடைந்து, அந்த மனிதரின் மகளே ஏரியில் மூழ்கிப் போகிறாள். பத்திரிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. அழுதுகொண்டே படித்ததாக எழுதியிருந்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். புனைபெயர் இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று இருந்தேன்.

அழைப்பிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலமே எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் வந்துவிட்டார். வங்கியில் வேலை பார்ப்பவர். யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவர். நாற்காலியில் உட்காரவில்லை.

"மேடம், ஸ்டேஷன் கடையில உங்க போட்டோ பார்த்தேன். அந்தத் தொடர் நீங்க எழுதினதா?"

என் கணவர் எனக்காகப் பதில் சொன்னார். "ஆமா சார். சும்மா கதைதான்."

"கதைதான் சார், நான் இல்லேங்கல. ஆனா தேங்காய்த் தண்ணி குடிச்சவங்க எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும். எங்க வீட்ல படிச்சிட்டு அன்னைக்கே சொன்னாங்க. யாரோ நம்ம நகர் ஆள்தான் எழுதியிருக்காங்கன்னு பேசிக்கிட்டோம்." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம பட்டா எல்லாம் இன்னும் தாலுகா ஆபீஸ்லதான் இருக்கு. அவர் கூட வந்து நின்னாத்தான் நடக்கும். ரோடும் அவர் சொன்னாத்தான் வரும். அவருக்குக் கோபம் வந்தா நாம எல்லாரும் எங்க போறது?"

"நான் என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"விழாவுல பேசுவீங்க இல்ல? எல்லாம் கற்பனை, யாரையும் குறிப்பிடலைன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

அவர் போன பிறகு என் கணவர் வாசல் கேட்டைப் பூட்டினார். அதுவரை நாங்கள் பகலில் கேட்டைப் பூட்டியதே இல்லை.

அடுத்த வாரம் ஏஜென்சிக்குப் போனபோது அக்காவின் முகம் சரியாக இல்லை. மேசையில் கிடந்த தாள்களை அடுக்கிக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

"ஒருத்தர் வந்திருந்தார்ம்மா. வெள்ளைச் சட்டை. டீ கொடுத்தேன், குடிச்சார்."

"என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கலை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. விழா என்னிக்கு, எந்த மண்டபம்னு மட்டும் கேட்டார். அழைப்பிதழ் ஒண்ணு கொடுங்கன்னார். கொடுத்தேன். உன் போட்டோவைப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தார்."

"நான் விழாவுக்கு வரலை அக்கா."

அக்கா தாள்களை ஓரமாக வைத்தார். பிறகு, "உன் இஷ்டம்" என்றார். "நீ வரலைன்னா காரணம் கேக்க மாட்டேன். ஆனா அன்னைக்குப் புத்தகத்தைப் பத்தியும் அறிவிக்கப் போறேன். தி.நகர்ல ஒரு பதிப்பாளர் உன் தொடரைப் புத்தகமா போடறேன்னுட்டார். அதை உன்னை மேடையில வெச்சுக்கிட்டுச் சொல்லணும்னு இருந்தேன்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தச் செய்திக்கு நான் துள்ளியிருப்பேன். அன்று படியிறங்கும்போது, புத்தகமானால் தேங்காய் இன்னும் எத்தனை வீட்டுக்குள் போகும் என்றுதான் நினைப்பு ஓடியது.

அதற்குப் பிறகு புல்லட் சத்தம் எங்கள் தெருவில் தினமும் கேட்க ஆரம்பித்தது. முன்பும் அவர் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார், நான் கவனிக்காமல் இருந்திருப்பேன் என்று என் கணவர் சொன்னார். அப்படியே இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்கு முன்னால் வண்டி மெதுவாகப் போவதாகத்தான் எனக்குத் தோன்றியது. துணி காயப் போடுவதைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினேன். நான்கு வயது மகனை வாசலில் விளையாட விடவில்லை. அவன் அழுதான். ஏனென்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஒரு மாலை, கணவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. புல்லட் வீட்டு முன்னால் வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. நான் சமையலறையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வண்டி மாமா" என்று கத்திவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பூட்டின கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"இன்னாமா, இந்த மழைக்குத் தண்ணி உள்ள வந்துச்சா?"

"கொஞ்சம்."

"எவ்ளோ?"

முழங்காலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். வண்டியில் உட்கார்ந்தபடியே எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கதை எழுதுறியாமே. எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். எம் பொண்ணுதான் வாரா வாரம் படிச்சிக் காட்டும். வூட்ல எல்லாரும் சுத்தி உக்காந்துகினு கேப்போம்."

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "அது கற்பனைங்க" என்று ஆரம்பித்தேன்.

"விழாவுக்கு வரேம்மா" என்றார். அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, அதில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது நினைக்கவாவது முடிந்திருக்கும். வாரா வாரம் எல்லாரும் சுத்தி உட்கார்ந்து கேட்டார்கள் என்றால், தேங்காய் வந்த வாரமும் கேட்டிருப்பார்கள். கடைசி வாரமும் கேட்டிருப்பார்கள்.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ போகலைன்னா அவர் இங்க வருவார். அங்க நூறு பேர் இருப்பாங்க. போறதுதான் நல்லது" என்றார். அவரும் பயந்திருந்தார் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

விழா காலை பத்து மணிக்கு. மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ரயிலில் தாம்பரத்துக்குப் போனோம். பட்டுப் புடவை கட்டியிருந்தேன். வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். 'இந்தக் கதையில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் முழுக்க முழுக்கக் கற்பனையே.'

மண்டபம் சின்னது. அக்கா வாசலில் நின்று எல்லாருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

என்னைப் போலவே படம் அச்சான மற்ற மூவரும் முன் வரிசையில் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர். அவருடைய ரேடியோ நாடகம் அந்த வருடம் தமிழ்நாட்டு நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒலிபரப்பாகியிருந்தது. அதற்காகப் புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தை மாத வெயிலில் வியர்த்துக்கொட்டியும் கழற்ற மறுத்தார். துப்பறியும் மாத நாவல்கள் எழுதும் ஒரு குமாஸ்தா. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அவளுடைய சிறுகதை மலையாளத்தில் வந்திருந்தது. அவளுக்கு மலையாளம் தெரியாது. அந்தப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு தன் பெயர் எதுவாக இருக்கும் என்று எழுத்து எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லாருடைய சந்தோஷமும் எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மேடையேறி அந்த வருடத்தின் சாதனைகளை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவரையும் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வார். கார்டு ஐயா எழுதிய நாடகத்தை ஒரு கிராமத்துப் பஞ்சாயத்து ரேடியோவில் ஊரே கூடிக் கேட்டதாக வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னார். கார்டு ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கும்போது பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பினேன். ஓனர் வந்திருந்தார். கூட இரண்டு ஆட்கள். ஒருவர் கையில் துணிக்கடைப் பை இருந்தது. எங்களுக்கு நேர் பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் மூச்சு விடுவது என் பின்கழுத்தில் படுகிற மாதிரி இருந்தது. பட்டிருக்க முடியாது, அவ்வளவு நெருக்கம் இல்லை. என் கணவர் என் முழங்கை மேல் கை வைத்தார்.

அக்கா என் புனைபெயரைச் சொன்னார். புத்தகத்தைப் பற்றியும் சொன்னார். மற்றவர்களுக்குச் செய்ததைவிடச் சுருக்கமாக முடித்துக்கொண்டு என்னைப் பேச அழைத்தார்.

எப்படி மேடையேறினேன் என்று நினைவில்லை. மைக் கீச்சிட்டது நினைவிருக்கிறது. நன்றி சொன்னேன். அக்காவுக்கு, பத்திரிகைக்கு, கணவருக்கு. பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். நலச் சங்கச் செயலாளர் கடைசி வரிசையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வாயைத் திறந்தேன். அப்போது இரண்டாவது வரிசையில் ஓனர் முகத்தைப் பார்த்தேன். அவர் காதைச் சற்றே திருப்பி, கதை கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எல்லாம் கற்பனை என்றால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீரே வரவில்லை என்றாகிவிடும். அத்தனை பயத்திலும் அந்த மனிதரைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எங்க வீட்டுக்குள்ள வருஷா வருஷம் தண்ணி வருது. அதனால எழுதினேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மைக்கை விட்டு நகர்ந்தேன்.

கைதட்டினார்கள். கொஞ்சம் தயங்கித்தான் தட்டினார்கள். அதற்குள் ஓனர் எழுந்து மேடைக்கு வந்துவிட்டார். அக்கா ஒரு அடி முன்னால் வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். அவர் ஆளிடமிருந்து பையை வாங்கி, உள்ளேயிருந்து ஒரு பொன்னாடையை எடுத்தார். அக்கா விலகினார். வேறென்ன செய்ய முடியும்? அவர் பொன்னாடையை என் தோளில் போர்த்தி, இரண்டு முனைகளையும் கழுத்துக்கு முன்னால் இழுத்துச் சேர்த்தார். கூட்டம் தட்டியது. படம் எடுத்தார்கள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி வா. பேசணும்" என்றார் என் காதருகே.

பந்தியில் அதைக் கணவரிடமும் அக்காவிடமும் சொன்னேன். இலையில் போளி வைத்தது வைத்தபடி இருந்தது. கணவர், "நானும் வரேன்" என்றார். அக்கா ஏற்கெனவே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்தைத் தாண்டி ஒரு வேப்பமரம். அங்கே ஓனர் நின்றிருந்தார். ஆட்களைக் காணவில்லை. அவர் பக்கத்தில் ஒரு பெண். பதினைந்து பதினாறு வயதிருக்கும். இரட்டைச் சடை, தாவணி. நாங்கள் சாப்பிடும்போது வந்திருப்பாள் போல.

"இதான் எம் பொண்ணு" என்றார். "கேளு. நீதானே கேக்கணும்னே."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ஏன் மேடம் சாகணும்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒவ்வொரு வாரமும் நான்தான் படிப்பேன். எங்க அப்பாவைப் பத்திதான் எழுதியிருக்கீங்கன்னு எங்களுக்கு நாலாவது வாரமே தெரிஞ்சிடுச்சு. அப்பா சிரிச்சார். மேல படி, மேல படின்னார். கடைசி வாரம் படிச்சுக்கிட்டே வரேன், அந்தப் பொண்ணு கரை மேல ஓடுது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நிறுத்திட்டேன். அப்பா, அடுத்து என்னன்னு கேட்டார். நான்தான் படிச்சேன் மேடம். நான் செத்துப்போனதை நானே படிச்சேன்."

உள்ளே பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது.

"அன்னியிலேர்ந்து இது கெணத்தாண்ட போறதில்ல" என்றார் ஓனர். "மழ வந்தா அழுவுது. எம் பொஞ்சாதி கோயில் கோயிலா சுத்திகினு கீறா. எழுதினா பலிச்சிடும்ன்றா. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்க கெடையாது. ஆனா தூக்கம் வரல." அவர் குரல் இறங்கியது. "என்னப் பத்தி இன்னா வேணா எழுதிக்கோ. ஏரிய முழுங்கினவன்னு எழுது. உண்மதான், இல்லேன்னு சொல்லல. பொண்ண விட்டுடு. புக்கு போடறாங்களாமே. அதுல மாத்திடு."

அதுவரை என்னை மிரட்ட வந்தவர் என்றே நினைத்திருந்தேன். அவர் கண்ணில் இருந்தது வேறு. எனக்கு அது ஆறுதலாக இல்லை, பயம் இன்னும் அதிகமாயிற்று. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தொடர் நல்லபடி முடிய வேண்டும் என்று எழுதிய நாலு பக்கம் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்திருக்கிறது என்பதை அந்தப் பெண்ணின் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்தலைன்னா?" என்று கேட்டார் அக்கா. அவர் கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஓனர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இவ்ளோ நாளு பேசாமதான் இருந்தேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பல நாள் எதையும் எழுதவில்லை. மாற்றிவிடு, இதில் என்ன கௌரவம் என்றார் கணவர். அக்கா வேறு மாதிரி சொன்னார். "அவருக்குப் பயந்து மாத்தினா அடுத்த கதையையும் மாத்தச் சொல்வாங்க. அந்தப் பொண்ணுக்காக மாத்தினா சரி. எதுக்காகன்னு உனக்குத் தெரியணும்."

எனக்கு இரண்டும் கலந்தே இருந்தது. இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாசி மாதத்தில் கடைசி அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். பெண் சாகவில்லை. ஏரியையும் விற்ற மனையையும் தொடவில்லை, தேங்காயையும் எடுக்கவில்லை.

அச்சுக்குப் போகும் முன் அவர்கள் கேட்டாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அக்கா சொல்லியனுப்பினார். ஒரு மத்தியானம் ஓனரும் மகளும் ஏஜென்சி அறைக்கு வந்தார்கள். அக்கா மின்விசிறியைக் கூட்டி வைத்தார். நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். அந்தப் பெண் தாள்களை வாங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

நன்றாகப் படித்தாள். வாரா வாரம் படித்துப் பழகிய குரல். கரை மேல் பெண் ஓடும் இடம் வந்ததும் நிறுத்தினாள். அவள் அப்பா, "படி" என்றார். அவள் படித்தாள். கரை உடைகிறது. பெண் ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். விடிந்ததும் சேறு படிந்த பாவாடையோடு வீட்டுக்கு நடந்து வருகிறாள். வாசலில் அவள் அப்பா நிற்கிறார். அவள் அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள்.

அந்தக் கேள்வியை அந்தப் பெண் ஒரே மூச்சில் படித்துவிட்டாள். பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தாளை இறக்கினாள்.

"இன்னும் எத்தனை மனை பாக்கி இருக்குப்பா?"

ஓனர் அசையவில்லை. கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு அவன் இன்னா சொல்றான்?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"அதோட முடியுதுப்பா" என்றாள் மகள். "அவர் ஒண்ணும் சொல்லலை."

அவர் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "செரி" என்றார். "உயிரோட கீது. போதும்." வாசல் வரை போனவர் திரும்பி, அக்காவிடம், "புக்கு வந்தா ஒண்ணு குடுத்தனுப்பும்மா" என்றார். அந்தப் பெண் தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள். எதுவும் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாளா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புத்தகம் அந்த வருடமே வந்தது. தொடரைப் படித்த சிலர் முடிவு கெட்டுப்போய்விட்டது என்று எழுதினார்கள். பட்டா வர இன்னும் பல வருடங்கள் ஆயின. ஓனர்தான் எங்களோடு தாலுகா ஆபீஸுக்கு வந்து நின்றார். என்னிடம் கதையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏரிக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி அவர் போட்ட புது மனைகளும் விற்றுத் தீர்ந்தன.

அடுத்த வருட விழாவில் என் புத்தகத்தைச் சாதனையாக அக்கா வாசித்தபோது நான் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். மேடைக்கு வரச் சொல்லி அவர் கையைக் காட்டினார். எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், "ஏன் மேடம், போங்களேன்" என்றாள். கால் வரவில்லை என்று சொன்னேன்.